ப்ளூஸ் கிற்றாரும் புத்தகத்தில் அச்சாகாத தகிடவும்

வன்னியில் கிற்றார் பிடிக்கிற பலருக்கு ஏ, டி, ஈ கோர்ட்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) கைவந்தவை. கோயில் பாடகர் குழுவில் இரண்டு நத்தார் வாசித்தாலே அவை பழகிவிடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸுக்கு அந்த மூன்றும் போதும், ஏழாம் சுரத்தைச் சேர்த்து ஏ7, டி7, ஈ7 என்று பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். சொல்லித்தர ஆள் கிடைக்காத ஊரில் புத்தகம்தான் வாத்தியார். விரலை எங்கே வைப்பது என்று அது துல்லியமாகச் சொல்லும். எப்போது தட்டுவது என்பதைத் தாளில் அச்சடிக்க முடியாது. புத்தகம் வைத்துப் பழகுகிறவர்கள் இடறி விழுவது அங்கேதான்.

முதலில், புத்தகத்தில் கம்பிக்கு ஒன்றாகப் போட்டிருக்கும் அந்த ஆறு கோடுகள். மேல்கோடு மெல்லிய கம்பி, அதாவது முதலாம் கம்பி. கிற்றாரை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது மேலே தெரிவது தடித்த ஆறாம் கம்பி. படமும் கையும் தலைகீழாக இருப்பதால் முதல் வாரம் எல்லோரும் மாற்றித்தான் வாசிப்பார்கள். கோட்டில் உள்ள எண் பிரெட்டின், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையின், எண். பூச்சியம் என்றால் கம்பியைத் திறந்தபடி விடவேண்டும்.

பன்னிரண்டு பார்தான் ப்ளூஸின் வீடு. பார் ஒன்றுக்கு நான்கு அட்சரம், எங்கள் கணக்கில் சதுஸ்ர ஏக தாளத்தில் ஒரு ஆவர்த்தனம். முதல் நான்கு பார் ஏ7. அடுத்த இரண்டு டி7, திரும்ப இரண்டு ஏ7. ஒன்பதாவது ஈ7, பத்தாவது டி7, பதினோராவது ஏ7, பன்னிரண்டாவது ஈ7. அந்தக் கடைசி ஈ7தான் மறுபடி தொடக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பலருக்குத் தடம் தவறுவது ஏழாம் எட்டாம் பாரில். டி7இலிருந்து ஏ7க்குத் திரும்பியதும் ஒரே பாரில் ஈ7க்குப் பாய்ந்துவிடுவார்கள். பார் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாசியுங்கள். தாளம் காட்டும் மெற்றோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தால் ஒரு சுற்று சரியாக 48 செக்கன் வரவேண்டும்.

இனி ஷஃபிள், முதல் தட்டு நீண்டு இரண்டாவது குறுகும் ப்ளூஸ் நடை. இதைப் புத்தகத்தில் இரண்டு சம அளவுக் குறிகளாக அச்சிட்டு, மேலே சின்னதாக ஒரு குறிப்பு மட்டும் போட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பைத் தாண்டிப்போனவர் கையில் ப்ளூஸ் அணிநடை மாதிரிக் கேட்கும். பாடசாலையில் சங்கீதமோ மிருதங்கமோ படித்த பிள்ளைக்கு இது ஒரு சொல்லில் விளங்கும்: திஸ்ர நடை. ஒவ்வொரு அட்சரத்துக்கும் "தகிட" சொல்லுங்கள். "த"வில் ஒரு தட்டு, "ட"வில் ஒரு தட்டு, "கி"யில் கை சும்மா. கிற்றாரைத் தொடாமல் துடையில் தட்டி ஒரு கிழமை இதைச் செய்தாலும் நட்டமில்லை.

கைக்கு வந்ததும் ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி விட்டு, நான்காம் கம்பியின் 2ஆம் பிரெட்டில் சுட்டுவிரலை வையுங்கள். இரண்டு கம்பியையும் சேர்த்து இரண்டு தட்டு. பிறகு மோதிரவிரலால் 4ஆம் பிரெட்டை அழுத்தி இரண்டு தட்டு. சுட்டுவிரல் எழும்பக்கூடாது. டிக்கு இதே வடிவம் மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு கம்பி தள்ளி, ஈக்குத் தடித்த கம்பிப் பக்கம் ஒரு கம்பி தள்ளி. எல்லாம் கீழ்நோக்கிய தட்டு. வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் (கம்பிகள் கட்டியிருக்கும் கட்டை) பக்கம் கம்பியில் இலேசாகப் பட்டால் ஒலி இறுக்கமாக வரும்.

விரல் எட்டவில்லை என்றால் அது உங்கள் குறையில்லை. 648 மில்லிமீற்றர் நீளக் கம்பியுள்ள கிற்றாரில் 2ஆம் பிரெட்டுக்கும் 4ஆம் பிரெட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 63 மில்லிமீற்றர் உண்டு. 5ஆம் பிரெட்டில் கப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டால் அதே இடைவெளி 47ஆகக் குறையும். ஒரு மாதம் அப்படிப் பழகி, கப்போவை ஒவ்வொரு பிரெட்டாக இறக்குங்கள்.

இதற்குப் பிறகே தனிச்சுரப் பகுதி. ஏ மைனர் பென்ரரோனிக் என்று புத்தகம் சொல்லும் ஐந்து சுரம் வேறொன்றுமில்லை, எங்கள் சுத்த தன்யாசியின் ச க ம ப நி. ஆறாம் கம்பி 5ஆம் பிரெட் ஷட்ஜம். ஆறாவதில் 5, 8; ஐந்தாவது, நான்காவது, மூன்றாவதில் 5, 7; இரண்டாவது, முதலாவதில் 5, 8. பாடிக்கொண்டே வாசித்தால் இரண்டு நாளில் மனதில் நிற்கும்.

ஆனால் ஓர் இடத்தில் சங்கீதக் காது திடுக்கிடும். ஏ7 கோர்ட்டில் ஒலிப்பது அந்தர காந்தாரம், நீங்கள் வாசிப்பதோ சாதாரண காந்தாரம். இரண்டும் மோதுகிற அந்த உரசலில்தான் ப்ளூஸின் உயிர் இருக்கிறது. மூன்றாம் கம்பி 5ஆம் பிரெட்டைச் சற்றே இழுத்து இரண்டுக்கும் நடுவில் விடுங்கள். கமகம்போல அசைக்கவேண்டாம், மேலே தள்ளி அங்கேயே நிறுத்துங்கள்.

வளைந்த அம்புக்குறி கண்டால் இழுப்பு. அதன்மேல் "full" என்று இருந்தால் முழு இழுப்பு, அதாவது இரண்டு பிரெட் அளவு. மூன்றாம் கம்பி 7ஆம் பிரெட்டில் மோதிரவிரல், அதற்குப் பின்னால் நடுவிரலும் சுட்டுவிரலும் அதே கம்பியில் துணை. பெருவிரலைக் கழுத்துக்கு மேலால் கொளுவி, கதவுக் கைபிடியைத் திருப்புவதுபோல மணிக்கட்டைத் திருப்புங்கள். விரலை மட்டும் தள்ளினால் நோவுதான் மிச்சம். இழுக்குமுன் இரண்டாம் கம்பி 5ஆம் பிரெட்டைத் தட்டிக் கேளுங்கள், போய்ச்சேரவேண்டிய பஞ்சமம் அது. முக்கால் வழியில் நின்றுவிடுவது எல்லோருக்கும் வருகிற பிழை. அக்கூஸ்ரிக் கிற்றாரில் மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பியாக இருந்தால் அது முழுதாக இழுபடாது. இரண்டாம் கம்பி 8ஆம் பிரெட்டில் பழகி, முதலாம் கம்பி 5ஆம் பிரெட்டோடு ஒப்பிடுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே சுவரில் தொங்கவிட்ட கிற்றாரில் இதெல்லாம் சரிவராது. கோடை வெக்கையில் பிரிட்ஜின் பசை இளகிக் கம்பி உயர்ந்துவிடும். 12ஆம் பிரெட்டில் ஆறாம் கம்பி 3 மில்லிமீற்றருக்கு மேல் நின்றால் இழுப்பு வேலையைத் தொடங்கவேண்டாம், முதலில் உயரத்தைக் குறையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று கம்பியைச் சீக்கிரம் துருவாக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே துடையுங்கள்.

கடைசியாக, ப்ளூஸ் பாட்டின் மூன்று வரியும் நான்கு நான்கு பார். ஒவ்வொரு வரியிலும் பாட்டு ஏறத்தாழ முதல் இரண்டு பாரில் முடியும், மிச்சம் கிற்றாரின் பதில். அருவி வெட்டில் (நெல் அறுவடையில்) ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. மறைந்த அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் பாடும்போது பெரும்பாலும் கிற்றாரைத் தொட்டதில்லை, வாய் ஓய்ந்த பிறகே கை பேசியது. புத்தகத்தில் 3, 4, 7, 8, 11, 12ஆம் பார்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கே மட்டும் சுரம் வாசியுங்கள். மற்றப் பார்களில் வெறும் தகிட.