வெந்நீரில் போட்ட பல்செட்

எங்கள் வீட்டில் எதையும் கொதிநீரில் போட்டு எடுத்தால்தான் சுத்தம். பால் புட்டி, ஊறுகாய் ஜாடிக் கரண்டி, ஊரிலிருந்து வரும் பேரனின் தண்ணீர்க் குப்பி, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். புதிதாக வந்த பல்செட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணத்தில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை அப்படியே அதன்மேல் ஊற்றினேன். முந்தின நாள் மீன் குழம்பு. வாடை போகவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

ஆறியதும் எடுத்து மாட்டினால் மேல்செட் நிற்கவில்லை. "பழம்" என்று சொல்லிப் பார்த்தேன். தட்டு நழுவி நாக்கின்மேல் உட்கார்ந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தேவைதான்.

எனக்கு மேல் தாடையில் ஒரு பல்லும் இல்லை, ஆகவே முழுச் செட். கீழே சொந்தப் பற்கள் ஏழு மிச்சம். இடைவெளிக்குக் கம்பி மாட்டிய பாதிச் செட். மகளைக் கேரளத்துப் புனலூரில் கட்டிக்கொடுத்திருப்பதால் பல் வைத்தியமும் அங்கேதான். செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலையைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. செட்டைக் கையில் கொடுத்த அன்றே மருத்துவர் எல்லாம் சொன்னார். மலையாளம் எனக்கு நன்றாகவே புரியும், மொழியின்மேல் பழி போட வழியில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோணிய செட்டோடு மறுபடி புறப்பட்டேன். எதிரில் இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் உதட்டை மூடித் தலையை மட்டும் ஆட்டினேன். பகவதிபுரம் தாண்டியதும் வரும் நீண்ட சுரங்கப்பாதையில் பெட்டி இருண்டது. அந்த இருட்டில் மேல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இதுவும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. இந்தப் பொருள் காயக்கூடாதாம். காய்ந்தாலும் வடிவம் மாறும். வழியில் கழற்ற நேர்ந்தால் தண்ணீர் விட்ட டப்பாவில் போடவேண்டும். கைக்குட்டையிலும் காகிதத்திலும் சுருட்டி வைப்பதில் இன்னொரு ஆபத்து, குப்பை என்று யாராவது எறிந்துவிடுவார்கள்.

மருத்துவர் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோபமில்லாமல் சொன்னார்: "அம்மே, இது பல்லல்ல, பிளாஸ்டிக்காணு." அதாவது அக்ரிலிக். கொதிநீர் பட்டால் கோணிவிடும். மேல்செட்டைப் பிடித்து நிறுத்துவது பசையும் இல்லை, கம்பியும் இல்லை. அண்ணத்துக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எச்சில் படலம்தான். தட்டு அண்ணத்தோடு இம்மி பிசகாமல் ஒட்டியிருந்தால்தான் அந்தப் படலம் பிடிக்கும். ஓரத்தில் காற்று புகுந்தால் தீர்ந்தது.

அதோடு விடவில்லை. தட்டின் பளபளப்பான பக்கத்தைக் காட்டினார். எவர்சில்வர் தட்டைத் தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்த்தால் விழுமே, அதுபோல நூல் நூலாகக் கீறல். என் பற்பொடியின் வேலை. சொந்தப் பல்லைத் துலக்கிய கையோடு இதையும் அதே பொடியால் தேய்த்திருக்கிறேன். பொடி மட்டுமல்ல, பற்பசையில் இருக்கும் நுண்துகளும் அக்ரிலிக்கைக் கீறும். கீறலுக்குள் கறையும் கிருமியும் குடியேறும். தேய்க்கத் தேய்க்க அழுக்கு கூடுவது அதனால்தான். பக்கத்து வீட்டு அக்கா பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பரிந்துரைத்திருந்தார். நல்லவேளை, செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். அது கீழ்செட்டின் கம்பியை அரித்துவிடும், ரோஜா நிற ஈற்றையும் வெளுக்க வைக்கும்.

பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். அண்ணம் சிவந்திருந்தது. ஆனால் முழுவதும் அல்ல. தட்டு படும் இடம் மட்டும், பென்சிலால் ஓரம் வரைந்து வண்ணம் தீட்டியதுபோல. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. "ராத்திரி கழற்றுகிறீர்களா?" என்றார். பொய் சொல்லத் தோன்றியது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள், பொக்கை வாயோடு அவர்கள் நடுவே படுக்கக் கூச்சம், இரண்டு மாதமாகச் செட்டோடுதான் உறக்கம் என்று சொன்னேன். இரவும் பகலும் மூடிக் கிடந்த ஈரமான இடத்தில் காண்டிடா என்னும் பூஞ்சை வளர்ந்துவிட்டது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வருமாம். எனக்கு அதுவும் உண்டு. பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார். இரவில் வாய் காலியாக இருக்கவேண்டும் என்பதைத்தான் அழுத்திச் சொன்னார்.

மேல்செட் மறுபடி புதிதாகத்தான் செய்யவேண்டியிருந்தது. அண்ணம் ஆறும்வரை காத்திருந்து, அச்சு எடுத்து, கடிமானம் பார்த்து, மெழுகில் பல் அடுக்கி மாட்டிப் பார்த்து, கடைசியில் அக்ரிலிக்கில். அதற்குள் சாரல் காலமே முடிந்துவிட்டது. செலவை இங்கே எழுதினால் என் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பிப்பார்.

இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் குளியலறைத் தொட்டியில் பாதித் தண்ணீர் நிறைத்துக்கொள்கிறேன். ஈரக்கை வழுக்கினால் செட் தரையில் விழாமல் தண்ணீரில் விழும். மேல்செட்டை உள்ளங்கையில் ஏந்தி, மிருதுவான பிரஷ்ஷில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தேய்ப்பேன். பல்வரிசை எளிது. ஈற்றைத் தொடும் உள்பக்கத்தில்தான் வேலை. அண்ணத்தின் வரிகள் அச்சாகப் பதிந்திருக்கும், சோற்றுப் பருக்கை அந்தக் குழிகளில் ஒளிந்துகொள்ளும். கீழ்செட்டில் கம்பி வளையும் இடத்தின் உள்பக்கம். அதை இரண்டு முனையிலும் பிடித்து அழுத்தக்கூடாது, நடுவில் முறிந்துவிடும். பிறகு ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறு, அண்ணம், நாக்கு. சொந்தப் பற்கள் ஏழுக்கும் வேறு பிரஷ், பற்பசை. கம்பி பிடித்திருக்கும் பற்கள்தான் முதலில் சொத்தையாகும் என்பதால் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். ஏழும் போய்விட்டால் கீழ்செட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இரவு முழுக்கச் செட் இரண்டும் மூடி போட்ட பச்சை டப்பாவில் சாதாரணத் தண்ணீரில் கிடக்கும். டம்ளரில் வைப்பதில்லை. இருட்டில் எழுந்து தண்ணீர் குடிப்பவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். வாரத்தில் சில நாள் நுரைக்கும் மாத்திரை ஒன்றை வெதுவெதுப்பான நீரில் போட்டு ஊறவைப்பேன். மாத்திரை போட்டால் தேய்க்கவேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் செட்டில் படியும் அழுக்குப் படலத்தைப் பெயர்ப்பது பிரஷ்தான். காலையில் நன்றாக அலசாமல் வாயில் வைக்கக்கூடாது.

சாப்பாட்டில் பெரிய தியாகம் இல்லை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் கடைகளில் பரோட்டாவைச் சின்னதாகப் பிய்த்து, சால்னாவில் ஊறவிட்டு, இரண்டு பக்கமும் மென்றால் இறங்கிவிடுகிறது. நேந்திரங்காய் வற்றல் மட்டும் சண்டித்தனம் செய்யும். ஒரு துணுக்குத் தட்டுக்கடியில் போனால் முள் தைத்ததுபோல. உடனே கழற்றி அலசவேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் புண்ணாகிவிடும்.

போன வாரம் வருடாந்திரச் சோதனைக்குப் போய் மகள் வீட்டில் தங்கினேன். தாடை எலும்பு வருடா வருடம் தேய்வதால் நல்ல செட்டும் தளரும், பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரவு டப்பாவை எடுத்தபோது மகள் ஒரு பாத்திரத்தில் ஆவி பறக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "சுடச்சுடக் கழுவினால்தானே அம்மா உனக்குத் திருப்தி" என்றாள்.