தார்கா ஃப்ளோரியோ ரோட்ல ஒரு ஃபுல் ரவுண்டு, எங்க அனுபவம்

இத்தாலில சிசிலி தீவுக்குப் போற ரேஸ் பிரியர்கள் தார்கா ஃப்ளோரியோ ரோட்ட மட்டும் விட்டுடாதீங்க. 1906ல வின்சென்சோ ஃப்ளோரியோ ஆரம்பிச்ச ரேஸ், ஸ்போர்ட்ஸ் கார் உலக சாம்பியன்ஷிப்ல கடைசியா இருந்தது 1973ல, அப்புறம் 1977ல பார்வையாளர் ரெண்டு பேர் இறந்ததோட பழைய ரேஸ் முடிஞ்சு போச்சு. தனி டிராக்லாம் கிடையாது, மாடோனியே மலைல ஊருக்கு ஊர் போற சாதா ரோடுதான், அதனால இன்னிக்கும் யார் வேணா ஓட்டலாம்.

ஊர்லயே ஆர்டிஓல இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிடுங்க, ஒரு வருஷம் செல்லும். வாடகை கார் கவுன்டர்ல அதோட நம்ம ஒரிஜினல் லைசென்ஸும் கேட்டாங்க, டெபாசிட்டுக்கு ஓட்டுறவங்க பேர்லயே கிரெடிட் கார்டு வேணும்னாங்க. ரோடு குறுகல், அதனால சின்ன காரே போதும்னு ஃபியட் பாண்டா எடுத்தோம். பலெர்மோ சிட்டி சென்டருக்குள்ள அதுக்கான தனி பாஸ் இல்லாம நுழைஞ்சா கேமரா பிடிச்சு ஃபைன் போட்டுடும், ஏர்போர்ட்ல எடுத்து வெளி ரோட்லயே போயிடுறது நிம்மதி.

செர்தா ஊருக்குக் கீழ ஃப்ளோரியோபொலி, பழைய பிட்ஸ் (ரேஸ் நடுவுல காரை நிறுத்திச் சரி பண்ற இடம்), கேலரி எல்லாம் ரோட்டோரமே நிக்குது. ரேஸ் நடந்தப்ப அங்கருந்துதான் கார்களை ஒண்ணொண்ணா இடைவெளி விட்டு அனுப்புவாங்க. ஒரு ரவுண்டு 72 கிலோமீட்டர், 1970 ரேஸ்ல அப்படி 11 ரவுண்டு ஓட்டணும். செர்தா தாண்டி கால்தவுதூரோ வரைக்கும் ஏத்தம், ஒரு வளைவு முடியுறதுக்குள்ள அடுத்தது வந்துடுது, வெளிப்பக்கம் தார் பாதி கீழ இறங்கி விரிசல் விட்டிருக்கு, ரெண்டாவது கியரை விட்டு மேல போகவே மனசு வரல. மண்ணு சரியுற பூமி அது, 2015ல ஸ்கில்லாட்டோ பக்கம் ஹைவே பாலமே நகர்ந்துடுச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி எந்த ரோடு மூடிருக்குன்னு அங்க காபி பார்ல கேட்டுக்கோங்க, மேப்ப மட்டும் நம்பாதீங்க.

கொல்லெசானோ வந்ததும் வண்டிய நிறுத்திட்டு தார்கா மியூசியம் பாருங்க. இந்த ஊர் வீடுகளுக்கு நடுவுலதான் போர்ஷேவும் ஃபெராரியும் அலறிட்டுப் போயிருக்கு, ஜனங்க வாசப்படியிலயே நின்னு பாத்திருக்காங்க, அத நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது. 1970ல லியோ கின்னுனென் போர்ஷே 908/3ல ஒரு ரவுண்டை 33 நிமிஷம் 36 நொடில முடிச்சார், சராசரி 128 கிலோமீட்டர் வேகம். எங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆனா இந்த ரோட்ட ஓட்டினப்புறம் எனக்கு நினோ வக்கரெல்லா மேலதான் மரியாதை கூடுச்சு. பலெர்மோல ஸ்கூல் நடத்தின மனுஷன், 1965, 1971, 1975னு மூணு தடவ ஜெயிச்சவர். 800க்கு மேல வளைவு இருக்கிற ரோட்ல அடுத்து வர்றது எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம்னு மனப்பாடமா தெரியணும்னா அந்த மண்ணுலயே வளர்ந்து வருஷக்கணக்கா ஓட்டிருக்கணும், வெறும் கார் பவர் இங்க பத்தாது.

கடைசியா காம்போஃபெலிச்சே இறங்கினா புவோன்ஃபொர்னெல்லோ நேர் ரோடு, கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர், வலது பக்கம் கடல். அங்க லோக்கல் வண்டிங்க நம்மள முந்திட்டுப் போகும், வழி விட்டுடுங்க. காலைலயே டேங்க் ஃபுல் பண்ணிட்டுக் கிளம்புங்க, மியூசியம் திறக்குற நேரத்த முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.