கதைக்கலாம் வா

13-06-2022, திங்கள்
பள்ளி திறந்தாச்சு. நாலாம் வகுப்பில் 23 பேர். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து புதிதாக ஒரு பெண் பிள்ளை. கல்வித்துறை மாணவருக்குத் தரும் எமிஸ் எண் இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரைப் பென்சிலில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினேன்.

15-06-2022
61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிவிட்டன. அப்பாவை வழியனுப்பிவிட்டு வந்த பிள்ளைகள் பெஞ்சில் தூங்கி விழுந்தார்கள். நான் கேட்ட பணியிட மாறுதல் பற்றித் தகவல் இல்லை.

17-06-2022
ஐந்து நாளாக அந்தப் புதுப் பிள்ளை வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போனதும், "வா கண்ணு, கொஞ்ச நேரம் பேசலாம்" என்று கூப்பிட்டேன். வந்தாள். நேராக நின்று வலது கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.
நான் பிரம்பு வைத்துக்கொள்வதே இல்லை.

18-06-2022
அந்தக் கை.

20-06-2022
அவள் அம்மாவை வரச்சொல்லிக் கேட்டேன். இலங்கையில் மன்னார்ப் பக்கம். "பேசப் போறன் எண்டு கூப்பிட்டியளாம் ரீச்சர். எங்கட பக்கம் பேசுறது எண்டால் ஏசுறது. நாங்க கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம்."
பதினாறு வருஷ சர்வீஸ். அன்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து, 'வா, திட்டப்போறேன்' என்று கூப்பிட்டிருக்கிறேன். நோட்டை அவள் கொப்பி என்றதற்கும், நாற்காலியைக் கதிரை என்றதற்கும் முதல் நாள் வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம்தான் அந்த வாய் மூடியது. அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். நானும் லேசாகச் சிரித்தேனோ? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

21-06-2022
கரும்பலகையில் இரண்டு வரிசை. இங்கே நோட்டு, அங்கே கொப்பி. இங்கே ரப்பர், அங்கே அழிரப்பர். வகுப்பே கேட்டுக் கேட்டு எழுதியது. அவள் எழுந்து வந்து ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுப் போனாள். பேசவில்லை.

22-06-2022
கணக்குப் பாடத்தின் நடுவில் கடற்கரைப் பக்கம் ஹோவர்கிராஃப்ட் சத்தம், தண்ணீரிலும் மணலிலும் ஓடுமே அந்த வண்டி. அவள் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். போரின் பயம் என்று நானே முடிவு கட்டினேன். போர் முடிந்தது 2009 மே மாதம். இவளுக்கு வயது ஒன்பது!
சாயங்காலம் அவள் அம்மா, இலங்கையிலிருந்து வந்த கதையைச் சொன்னது: படகுக்காரன் ராத்திரியில் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் உச்சி வெயில் வரை தண்ணீர் இல்லை. கூட்டிப் போக வந்தது கோஸ்ட் கார்டின் ஹோவர்கிராஃப்ட்தான். அது எழுப்பிய மணலில் யாருக்கும் கண் திறக்க முடியவில்லை, அம்மாவின் கை நழுவிவிட்டது. கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு இன்னும் முடியவில்லை.

24-06-2022
சத்தம் கேட்டதும் எந்தப் பாடமானாலும் நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்: "கோஸ்ட் கார்ட் வண்டி. வருது. போகுது. போயிருச்சு." இன்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள், அடியில் போகவில்லை.

27-06-2022
சத்துணவு முட்டையைப் பாவாடை மடிப்பில் சுருட்டி எடுத்துப் போகிறாள். தம்பிக்கு.

29-06-2022
ஆசிரியர்களுக்குப் பயிற்சி. மகிழ்ச்சி, சோகம், கோபம் என்று முகங்கள் வரைந்த அட்டை கொடுத்தார்கள். காலையில் வந்ததும் பிள்ளை ஒரு முகத்தைத் தொட வேண்டுமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை சோக முகத்தைத் தொடும்? அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டேன், தொடச் சொல்லவில்லை.

01-07-2022
கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.
கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், இவங்க நேவிதான் எங்கப்பாவப் பிடிச்சுட்டுப் போச்சு" என்றான். அவன் அப்பா யாழ்ப்பாணச் சிறையில் இருந்தது உண்மை. படகு இன்னும் திரும்பவில்லை.
அவள் திரும்பினாள். "உங்கட றோலர்தான் எங்கட அப்பாட வலைய அறுத்தது."
றோலர் என்றால் இழுவைப் படகு. வகுப்பில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், கடவுளே. அப்புறம்தான் அவன் முஷ்டியைப் பார்த்தேன்.
என்ன சொல்ல? அவனும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. இரண்டு அரசாங்கங்களும் தீர்க்காததை நாலாம் வகுப்பில் நான் எப்படித் தீர்ப்பேன்? 'எல்லாரும் நண்பர்கள்' என்று சொல்லி மூட மனசு வரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்: "அன்னிக்கு ராத்திரி வீட்டுல என்ன சாப்பாடு?"
"கஞ்சி. அம்மா குடிக்கல" என்றான்.
"நாங்களும் கஞ்சிதான்" என்றாள்.
மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

04-07-2022
இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இருக்கட்டும். அவசரப்படுத்த மாட்டேன்.

09-07-2022, சனி
டிவியில் கொழும்பு. ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள். முகாமிலும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

11-07-2022
மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "கதைக்கலாம் வா" என்றேன். கையை நீட்டவில்லை.
"அங்க இனி பால்மா வருமோ ரீச்சர்?" பால் பவுடரைக் கேட்கிறாள்.
"தெரியலையேம்மா."
தலையாட்டினாள். அடுத்த வருஷம் அங்கே புலமைப்பரிசில் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவளாம், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். பொய்யாக ஆறுதல் சொல்லாதது சரிதானா? சரி என்றுதான் படுகிறது. ஆனாலும்.

12-07-2022
எமிஸ் எண்ணுக்கு மூன்றாவது தடவை அலைந்தேன். முகாம் பதிவு வரட்டும் என்கிறார்கள். பென்சில் எழுத்து தேய்ந்துகொண்டே வருகிறது, மேலே மேலே எழுதுகிறேன்.

14-07-2022
மாறுதல் ஆணை வந்துவிட்டது. சொந்த ஊருக்கே. அம்மா போனில் அழுதுவிட்டாள்.

15-07-2022
முட்டையைப் பாதி சாப்பிட்டாள். மீதியை மடித்துக்கொண்டாள். ஆணை என் கைப்பையில் இருந்தது. வகுப்பில் இன்னும் சொல்லவில்லை.