இமானுவல் செல்லர்: ஒரு சட்டத்தை மாற்ற 41 ஆண்டுகள்

அமெரிக்கக் குடியேற்றத்தைப் பற்றிப் பேசும்போது 1965-ன் ஹார்ட்-செல்லர் சட்டத்தையும் அதிபர் ஜான்சனையும் எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் செல்லரை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1888-ல் புரூக்ளினில் பிறந்தவர், வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சிக்காரர். 1923 மார்ச்சில் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். மறு ஆண்டே குடியேற்றத்துக்கு வரம்பிடும் ஜான்சன்-ரீட் மசோதா வந்தது (இந்த ஜான்சன் வேறு). அதன் சூட்சுமம் முழுக்க ஒரு கணக்கில் இருந்தது. அமெரிக்காவில் ஏற்கெனவே வாழ்பவர்களில் ஒரு நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேரோ, அதில் 2 சதவீதம்தான் அந்த நாட்டின் ஆண்டு ஒதுக்கீடு. 1920 கணக்கெடுப்பு கையில் இருந்தும் 1890-ஐ அடிப்படையாக எடுத்தார்கள். இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, அவர்களுடைய பங்கு தானாகவே சுருங்கிவிட்டது. ஆசியர்களுக்கோ அநேகமாக வழியே இல்லை. செல்லர் எதிர்த்துப் பேசினார், தோற்றார். அவருடைய தொகுதி மக்களின் உறவினர்கள்தான் வெளியே நின்றவர்கள்.

1946-ல் ஒரு சிறு திறப்பு கிடைத்தது. லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம் தந்தது. எண்ணிக்கை அற்பம்தான், ஆனால் கூடவே குடியுரிமை பெறும் தகுதியும் வந்தது. 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்த தகுதி அது. பஞ்சாபில் பிறந்த தலீப் சிங் சவுந்த் 1949-ல் குடிமகனாகி, 1956-ல் பிரதிநிதிகள் சபைக்கே தேர்வானது இதனால்தான்.

1949 முதல் செல்லர் நீதித்துறைக் குழுவின் தலைவர். அப்படியிருந்தும் 1952-ல் பழைய ஒதுக்கீட்டு முறையைத் தக்கவைத்த மெக்காரன்-வால்டர் சட்டம் நிறைவேறியது. குடியேற்றத் துணைக்குழுவை நடத்திய பிரான்சிஸ் வால்டரின் பிடி அவ்வளவு பலமாக இருந்தது. அதிபர் ட்ரூமனின் வீட்டோவைக்கூட இரு அவைகளும் தள்ளிவிட்டன. வால்டர் 1963-ல் இறந்த பிறகுதான் வழி கொஞ்சம் விலகியது.

அடுத்துக் குடியேற்றத் துணைக்குழுவுக்குத் தலைவராக வந்தவர் ஒஹையோவின் மைக்கேல் ஃபீகன். 1965 சட்டத்துக்கான அரசின் வரைவு திறமைக்கு முதலிடம் தந்தது. ஃபீகன் குடும்ப உறவை முன்னால் கொண்டுவந்தார். கிழக்கு அரைக்கோளத்துக்கு ஆண்டுக்கு 170,000 விசா, ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 20,000. அதில் குடும்பத்துக்கு 74 சதவீதம், தொழில்வல்லுநர், தொழிலாளர் இரு பிரிவுக்கும் தலா 10, அகதிகளுக்கு 6. குடிமக்களின் உடன்பிறந்தோருக்கு மட்டுமே 24 சதவீதம். ஏற்கெனவே உறவினர் இருப்பவர்களே வருவார்கள், நாட்டின் இனக்கலவை மாறாது என்பது கணக்கு. ஆசியாவிலிருந்து அதிகம் பேர் வரமாட்டார்கள் என்று செல்லரும் சபையில் சொன்னார். அந்தக் கணிப்பு பொய்த்தது. வேலைப் பிரிவில் வந்த மருத்துவரும் பொறியாளரும் சில ஆண்டுகளில் குடிமக்களாகி, உடன்பிறந்தோரை அழைத்தார்கள். அந்த உடன்பிறந்தோர் தங்கள் துணைகளையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். எனக்கு இது சட்டத்தின் தோல்வியாகத் தெரியவில்லை. 1924-ன் அநீதிக்குத் தாமதமாகக் கிடைத்த பரிகாரம். நாட்டுக்கு ஓர் உச்சவரம்பு என்ற விதிதான் வேறு உருவில் இன்றும் இந்தியர்களைக் கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகள் காக்கவைக்கிறது. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திரதேவி சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்டார்.

நிறுவன இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் 1950-ன் செல்லர்-கெபாவர் சட்டமும் அவருடையதே. போட்டி நிறுவனத்தின் பங்குகளை வாங்கத் தடை இருந்ததால், ஆலையையும் இயந்திரங்களையும் வாங்கித் தப்பித்தார்கள். அந்த ஓட்டையை அது அடைத்தது.

சபையின் நடைமுறைகளை அவர் கரைத்துக் குடித்தவர். 1963-ல் சிவில் உரிமை மசோதாவை, எந்த மசோதா சபைக்கு வரலாம் என்று முடிவுசெய்யும் விதிகள் குழுவின் தலைவர் ஹோவர்ட் ஸ்மித் அடைகாத்து வைத்திருந்தபோது, அதை விடுவிக்கும் மனுவைத் தாக்கல் செய்தார். 435 பேரில் 218 பேர் கையெழுத்திட்டால் மசோதா குழுவின் பிடியிலிருந்து வெளியே வந்துவிடும். அந்த அழுத்தத்தில் ஸ்மித் இறங்கிவந்தார். 1964 பிப்ரவரி 10-ல் 290-130 என்ற கணக்கில் சபை அதை நிறைவேற்றியது.

ஆனால் பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை அவரே இருபது ஆண்டுகளுக்கும் மேல் விசாரணைக்கு எடுக்காமல் வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் என்னால் ஏற்க முடியாத பகுதி இது. 1970-ல் மார்த்தா கிரிஃபித்ஸ் அதே 218 கையெழுத்து மனுவைக் கொண்டு அதை அவர் குழுவிலிருந்து வெளியே எடுத்தார்.

1972 உட்கட்சித் தேர்தலில் 30 வயது எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் சில நூறு வாக்குகளில் அவரைத் தோற்கடித்தார். இந்தத் திருத்தத்தை எதிர்த்ததும் வியட்நாம் போரை ஆதரித்ததும் அவருக்கு எதிராகத் திரும்பின. செல்லர் 1981-ல் காலமானார். ஹோல்ட்ஸ்மன் அதே நீதித்துறைக் குழுவில் இடம்பெற்று, 1974-ல் அதிபர் நிக்சனின் பதவிநீக்க விசாரணையில் அவருக்கு எதிராக வாக்களித்தார்.