ஒன்பது மீட்டர் எங்கிருந்து எதுவரை?

"சார், டிராயிங்கிலேயே உயரம் 9 மீட்டர்னு போட்டிருக்கு. பத்துக்குக் கீழதானே?"

சென்னைக் கடற்கரையை ஒட்டிய ஒரு கிடங்கின் காற்றுச் சுமைக் கணக்கை நான் திருப்பி அனுப்பியபோது டிசைனர் கேட்டது. அனுப்பியது சரிதான். ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

அந்த 9 மீட்டர் கிளியர் ஹைட். தளத்திலிருந்து ராஃப்டரின் (கூரையைத் தாங்கும் சாய்வு உத்தரம்) அடிப்பக்கம் வரை. காற்றுக்கு வேண்டியது சராசரி தரைமட்டத்திலிருந்து அளந்த உயரம். ஓரத்தில் ராஃப்டர் ஆழம் 0.9 மீட்டர், லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் டாக்குக்காகத் தளம் உயர்ந்தது 1.2 மீட்டர். ஆக ஈவ் (கூரையின் ஓர விளிம்பு) உயரம் 11.1. அகலம் 60 மீட்டர், சரிவு பத்துக்கு ஒன்று, முகடு 14.1, சராசரிக் கூரை உயரம் 12.6.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 பகுதி 3 (2015), 10 மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களின் நிலைத்தன்மைக்கும் பிரேமுக்கும் அழுத்தத்தை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. சிக்கலே இங்குதான். காற்றுவேகம் 50 மீ/வி, கே4 (புயல் பகுதிக்கான முக்கியத்துவக் காரணி) 1.15, டெரைன் கேட்டகிரி 2 (தடைகள் குறைந்த திறந்த நிலம்) என்றால் 10 மீட்டர் வரை அழுத்தம் 1.98 கிலோநியூட்டன்/ச.மீ.; சலுகைக்குப் பின் 1.59. 12.6 மீட்டரில் கே2 (உயரத்துக்கேற்ற காரணி) 1.026, அழுத்தம் 2.09. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஷீட் கூரையின் சொந்த எடை சொற்பம் என்பதால், அதைக் கழித்தபின் ஆங்கர் போல்ட்டுக்கு வரும் மேலிழுப்பு இதைவிடவும் அதிக விகிதத்தில் ஏறும். பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ஷீட், ஸ்க்ரூவுக்கும் டிசைனர் அதே 20 சதவீதத்தைக் குறைத்திருந்தார். அவற்றுக்கு அந்தச் சலுகையே கிடையாது; அதில் விவாதத்துக்கு இடமில்லை.

உறுத்துவது வேறு. சராசரி உயரம்தான் வேண்டும் என்று நான் நின்றேன். ஆனால் நம் தரநிலையின் கூரைக் குணக (கூரையில் படும் அழுத்தத்தின் பெருக்கெண்) அட்டவணையில் உயரம் என்பது ஈவ் வரைதான். அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்சிஇ 7-ம் 10 பாகைக்கு மேற்படாத சரிவுக்கு ஈவ் உயரத்தையே ஏற்கிறது. இங்கே சரிவு 5.7 பாகை. ஈவ் உயரத்தில் அழுத்தம் 2.03 வரும். வித்தியாசம் 3 சதவீதம்.

"இந்த மூணு சதவீத இரும்புக்கு யார் சார் பதில் சொல்றது?" என்றார் டிசைனர்.

கடலோரத்தில் அந்த 3 சதவீதம் இருக்கட்டும் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் டாக் ஒரு பக்கம் மட்டுமே. மற்ற மூன்று பக்கமும் தரை 0.3 மீட்டர்தான் கீழே. அங்கே ஈவ் 10.2. ராஃப்டர் ஆழம் 0.6 ஆக இருந்திருந்தால் 9.9. அப்போது அந்த 20 சதவீதத்தை விட்டுக்கொடுத்திருப்பேனா? மாட்டேன் என்றே நினைக்கிறேன். எந்த விதியைக் காட்டி மறுப்பேன் என்று கேட்டால், காட்ட என்னிடம் விதி இல்லை.