கேட்டில் தொங்கிய புதுப் பூட்டு

பூட்டைக் கண்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸ்தான். கை மட்டும் பொருத்த வேண்டியிருந்தது. நூலும் லேஸும் வாங்கப் பிரதான வீதிக்குப் போய் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தேன். அதற்குள் கேட்டில் எங்களுடைய பூட்டு இல்லை, பளபளவென்று வேறொன்று தொங்கியது. தையல் மெஷின், ஆட்களின் துணி, மாமியின் மருந்து எல்லாம் உள்ளே. மாமி அன்று மச்சாள் வீட்டில் நின்றது நல்லதாய்ப் போயிற்று.

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைப் பக்கமாக இருந்த வீடு அது. மாதம் 20,000 ரூபாய், ஆறு மாத வாடகை முற்பணம். இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகளும் கையெழுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கடதாசியைப் பொலித்தீன் உறையில் போட்டு எப்போதும் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பதினோராம் மாதம் வீட்டுக்காரர் வந்து, "சீசன் தொடங்க முதல் வீட்டை விடுங்கோ பிள்ளை, ரூம் போடப் போறன்" என்றார். ஏப்ரலில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் வெள்ளைக்காரர் வந்து போகிற இடம். அவருடைய கணக்கு எனக்கும் விளங்கியது. ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் பதின்மூன்று மாதம் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போது தெரியவில்லை.

மார்ச் மாத வாடகையைக் கையில் வாங்கவில்லை. ஏப்ரலும் அப்படியே. நான் காசைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு, அவராகவே கேட்கட்டும் என்று இருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணைதான், "விசரா தங்கச்சி, பிறகு வாடகை கட்டேல்லை எண்டு சொல்லுவினம். அவற்றை பாங்க் கணக்கிலை போட்டிட்டு துண்டை வையுங்கோ" என்று ஏசினார். இரண்டு மாதக் காசையும் ஒன்றாகப் போட்டு, துண்டின் பின்பக்கத்தில் எந்த மாத வாடகை என்று எழுதி வைத்தேன். பிறகு கிணற்று மோட்டரின் பியூஸ் காணாமல் போனது. மே மாதம் பூட்டு.

கேட்டடியில் வீட்டுக்காரரின் மகனோடு பெரிய சண்டை. ஒழுங்கையே வந்து நின்றது. அங்கிருந்து நேரே பொலிஸுக்குப் போனேன். "இது ஒப்பந்தப் பிரச்சினை, சிவில் கோட்டுக்குப் போங்கோ" என்றார்கள். நான் ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைக்க வரவில்லை, நான் குடியிருக்கிற வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் முறைப்பாட்டை எழுதினார்கள். அதன் பிரதியைக் கேட்டு வாங்கியது மாமியின் புத்தி. எனக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த நாள், வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுகிற சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன். வருமானத்தைக் கேட்டு எழுதினார்கள். அங்கிருந்த சட்டத்தரணி என் ஒப்பந்தத்தை ஒரு தடவைதான் புரட்டினார். "நொத்தாரிசு எங்கே?" இல்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை, உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னிலையில் எழுதாவிட்டால் சட்டத்தில் அது செல்லாதாம். 1840ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச்சட்டம் அப்படிச் சொல்கிறதாம். வீட்டுக்காரர் சிரித்த காரணம் அப்போதுதான் பிடிபட்டது. வீடு எப்போது கட்டியது என்றும் கேட்டார். 1980க்குப் பிறகு கட்டிய வீடென்றால் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காது. ஆக, நான் மாதத்துக்கு மாதம் இருக்கிற வாடகையாள் மட்டும். ஒரு மாத அறிவித்தல் தந்து எழுப்பலாம்.

அழுகை வந்துவிட்டது. "அழாதைங்கோ அம்மா, எழுப்பலாம் எண்டுதான் சொன்னனான், பூட்டலாம் எண்டு சொல்லேல்லை" என்றார். ஆளை வெளியேற்ற நீதிமன்றக் கட்டளை வேண்டும், வீட்டுக்காரரே பூட்டோடு வரமுடியாது.

வழி என்னவென்றால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. ஊரில் 'அறுபத்தாறு போடுறது' என்று காணிச் சண்டைகளில் கேட்டிருக்கிறேன், வாடகை வீட்டுக்கும் அது உதவும் என்று தெரியாது. சமாதானம் குலையலாம் என்றிருந்தால் நீதிமன்றத்தில் பொலிஸ் அறிக்கை போடலாம், இல்லாவிட்டால் நாமே மனுப் போடலாம். வீடு யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் செல்லுமா என்பதையெல்லாம் அங்கே தீர்ப்பதில்லை. அறிக்கை போட்ட நாளில் வீடு யாருடைய பிடியில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பலவந்தமாக வெளியேற்றினார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்த இரண்டு மாதத்தைத் தவற விட்டிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். கேட்டடிச் சண்டை வெட்கமாக இருந்தது, ஆனால் பொலிஸ் அறிக்கை போட அதுவே காரணமாயிற்று.

சாட்சிப் பேச்செல்லாம் இல்லை, எல்லாம் சத்தியக்கடதாசியில்தான். நான் கொடுத்தவை: பாங்க் துண்டுகள், கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், அந்த விலாசத்துக்கு வந்த மாமியின் கிளினிக் கடிதம், அண்ணையின் சத்தியக்கடதாசி, என்னிடம் துணி தைக்கக் கொடுத்த மூன்று பெண்களின் சத்தியக்கடதாசி. நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒப்பந்தம் கடைசியில் நாங்கள் எப்போது குடிவந்தோம் என்று காட்ட மட்டும் பயன்பட்டது.

இரண்டாவது தவணையில் நீதவான் இரு பக்கத்தையும் இணங்கிப் போகமுடியுமா என்று கேட்டார். அறுபத்தாறில் அப்படிக் கேட்பது வழக்கமாம். வெளியே வேப்பமரத்தின் கீழ் இரண்டு சட்டத்தரணிகளும் கதைத்தார்கள். நான் இரண்டு வருடத்தையும் கேட்கலாம் என்றிருந்தேன். என் சட்டத்தரணி, "மாவட்ட நீதிமன்றத்திலை அவர் வழக்குப் போட்டா நீங்கள் எப்பிடியும் எழும்பத்தான் வேணும், இப்ப நல்ல தவணை கேளுங்கோ" என்றார். டிசம்பர் 31 வரை இருப்பது, அதே வாடகை, திறப்புக் கொடுக்கிற அன்றே முற்பணம் முழுவதும் கைக்கு. அதை நீதிமன்றத்தில் பதிந்தார்கள். அன்று பின்னேரமே பூட்டுத் திறந்தது. பூட்டிப் பதினெட்டு நாள். கல்யாணப் பிளவுஸை அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் வேறொரு கடையில் அவசரமாகத் தைத்துக்கொண்டார்கள். அந்த வாடிக்கை போனதுதான்.

டிசம்பரில் பாலையூற்றுப் பக்கம் வீடு கிடைத்தது. இந்தத் தடவை நொத்தாரிசிடம் போனோம். 2023இல் வந்த சட்டத்தால் குத்தகை முடிந்ததும் வீட்டுக்காரர் சுருக்கமான வழியில் நீதிமன்றம் போகலாம் என்றும் அவரே சொன்னார். சரி, எப்போது எழும்ப வேண்டும் என்பது தெரிந்தால் போதும் என்று கையெழுத்து வைத்தேன்.

பழைய வீட்டில் திறப்பைக் கொடுத்தபோது வீட்டுக்காரர் முற்பணத்தைத் தையல் மெஷின் பலகையில் வைத்து எண்ணினார். பெயின்ட் அடிக்க என்று நாலாயிரம் குறைத்தார். பதிந்தது முழுத்தொகை என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். காசை வாங்கிக்கொண்டு, மெஷினின் மற்றப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்லி வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டேன். பிடித்தார்.