அரிசி தின்னாத வண்டு

ஏப்ரல் 7

நேற்று சாயங்காலம் இந்த வருஷத்து முதலாவது கோடை மழை. ஒரு மணி நேரம்தான் பெய்தது, அதற்குள் கரண்ட் போய்விட்டது. இன்று காலையில் தேங்காய் எடுக்க நிலவறைக்குப் போனேன்.

நிலவறை என்றதும் அரண்மனையை நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் சரிவில் கட்டிய வீடு எங்களுடையது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு நிலை, பின்னால் ரப்பர் விளையிலிருந்து பார்த்தால் இரண்டு. கீழே இருக்கும் அந்த அறைக்கு மூன்று பக்கமும் மண்ணுக்குள் புதைந்த கருங்கல் சுவர், மேலே பலாப்பலகை மச்சு. ரப்பர் ஷீட்டு, தேங்காய், அரிசி மூட்டை, அப்பா விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அங்கேதான்.

டார்ச்சை மேலே அடித்தேன். பலகையும் சுவரும் சேரும் மூலையில் யாரோ தார் பூசினதுபோல ஒரு கறுப்பு. போன வாரம் அது இல்லை. வெளிச்சம் பட்டதும் தார் நெளிந்தது.

தேங்காய் இல்லாமலே மேலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8

அம்மைக்குச் சந்தேகமே இல்லை. "அரிசி வண்டு மக்களே. மூட்டையை வெயிலில போடச் சொன்னேன், கேட்டியா?"

இரண்டு மூட்டையையும் தூக்கி வந்து முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டினோம். கையால் அளைந்து அளைந்து பார்த்தாயிற்று. ஒரு வண்டுகூட இல்லை. மூன்று மணிக்கு வானம் இருட்டவும் அத்தனையையும் திரும்ப அள்ளினோம். முதுகு பிடித்துக்கொண்டது. மூட்டை இப்போது அடுக்களையில்.

ராத்திரி ஒரு வண்டைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அப்பா பேப்பர் படிக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு நெல்மணி அளவு, எட்டு மில்லிமீட்டர் இருக்கும். கறுப்பு. உணர்கொம்பு பாசிமணி கோத்ததுபோலக் கணுக்கணுவாக இருக்கிறது. அரிசி வண்டுக்கு முகத்தில் துதிக்கைபோல ஒரு மூக்கு உண்டு, உடம்பும் இதில் பாதிதான் வரும். இதற்கு மூக்கே இல்லை. குப்பியில் ஒரு பிடி அரிசியைப் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்தேன். தின்றால் அம்மை ஜெயித்தாள்.

ஏப்ரல் 9

தேடப் போனது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று. சுவரில் சிமெண்ட் நிறத்தில், பூசணி விதைபோலத் தட்டையாக ஒட்டிக்கொண்டு இருக்குமே, எல்லார் வீட்டிலும் உண்டு. லென்ஸ் கையில் இருந்ததால் அதையும் பார்த்தேன். விதைக்கு இரண்டு முனையிலும் வாய். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு முனையில் பழுப்புத் தலையும் ஆறு காலும் வெளியே வந்து, சுவரைப் பற்றி, கூட்டைத் தரதரவென்று இழுத்தது. விரலை வைத்து வழி மறித்தேன். தலை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மறுமுனையில் அதே தலை! வந்த வழியே கூட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. மணல், தூசி, நூல்பிசிறு எல்லாவற்றையும் தன் பட்டிழையால் ஒட்டி அந்தக் கூட்டைக் கட்டுகிறது. பழைய சிலந்திவலை, முடி, கம்பளி இதெல்லாம் தீனி. நாற்பது வருஷமாக நான் அதைச் சிமெண்டுச் சிதறல் என்றே நினைத்து வாரியலால் தட்டி வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 11

கழுத்தில் காந்தல். தூக்கத்தில் ஏதோ ஊர்ந்தது, நசுக்கிவிட்டேன் போல. காலையில் பார்த்தால் விரல் நீளத்துக்குச் சிவந்து கிடக்கிறது, தலையணையில் ஒரு நெடி. அம்மை தேங்காய் எண்ணெய் தடவினாள். அரிசி வண்டு எப்போதிலிருந்து சுட ஆரம்பித்தது என்று கேட்டேன். பதில் இல்லை.

ரப்பர் பால் வெட்ட வரும் அண்ணன் வெள்ளறடைக்காரர், கேரளம். நிலவறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது கோட்டெருமையல்லே!" நெல்மணி அளவு வண்டுக்கு எருமை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. முப்ளி வண்டு என்று இன்னொரு பெயரும் சொன்னார். அந்தப் பெயரைப் பிடித்து நெட்டில் தேடியதும் மற்றதெல்லாம் வந்து விழுந்தது.

முப்ளி என்பது திருச்சூர் மாவட்டத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட். 1970களில் அங்கே இதன் தொல்லை பெரிதாகி, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அறிவியல் பெயர் லூப்ராப்ஸ் டிரிஸ்டிஸ். டிரிஸ்டிஸ் என்றால் லத்தீனில் சோகம். இந்தச் சோகத்துக்குப் பெயர் வைத்தது 1801இல். கேரளத்தில் ரப்பர் தோட்டம் போட்டதோ 1902இல், தட்டேக்காட்டில். நூறு வருஷம் எங்கேயோ சும்மா கிடந்த வண்டுக்கு நாம்தான் பந்தி விரித்திருக்கிறோம். ரப்பர் மரம் மார்கழி, தை வாக்கில் இலையை உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விடும். கீழே விழும் இலைதான் இதற்குச் சாப்பாடு, சருகுக்குள்ளேதான் முட்டையும் புழுவும். கோடை மழை சருகை நனைத்ததும் வளர்ந்த வண்டெல்லாம் ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்குப் படையெடுக்கும். கோழிக்கோடு தேவகிரி செயின்ட் ஜோசப் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு வீட்டில் 5 லட்சம் முதல் 40 லட்சம் வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் மூலையை எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

வந்தது கடிக்காது, தானியத்தைத் தொடாது, மரத்தை அரிக்காது. இருட்டில் ஒட்டிக்கொண்டு ஒன்பது மாதம் தூங்கும். நசுக்கினால் மட்டும் சுடும்.

"ஒன்பது மாசமா?" என்றாள் அம்மை. "பிள்ளை பெறுகிற கணக்குல்லா இது."

மாவில் விழும் சிவப்பு வண்டும் இதுவும் ஒரே குடும்பம் என்றும் போட்டிருந்தது. அதை அம்மையிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை விசு. அம்மை என் கண்ணைப் பொத்திக் கனி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். உருளியில் வெள்ளரிக்காய், மாங்காய், கொன்றைப்பூ, நடுவில் கண்ணாடி. கண்ணைத் திறந்தால் மஞ்சள் கொன்றைப்பூ மேலே கறுப்பாய் ஒரு கோட்டெருமை நடந்து போகிறது. கண்ணாடியில் இன்னொன்று. இந்த வருஷத்துக் கனி எனக்கு அதுதான். அம்மை ஒரு வெற்றிலையால் அதை அலுங்காமல் எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டு, ஐம்பது ரூபாய் கைநீட்டம் தந்தாள்.

ஏப்ரல் 16

அண்ணன் சொன்னபடி வெளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் எல்லா லைட்டையும் அணைத்தோம். விளையோரம் ஒரு பல்பு மட்டும், அதற்குக் கீழே ஒரு சருவத்தில் சோப்புத் தண்ணீர். ஒன்பது மணி வரை திண்ணையில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். காலையில் சருவத்தில் தண்ணீர் தெரியவில்லை. மச்சில் இருப்பவை அசையவில்லை, அவற்றுக்கு இனி வெளிச்சம் வேண்டாம். அடுத்த வருஷம் மழைக்கு முன்னாலேயே வீட்டைச் சுற்றிச் சருகை வாரிவிட வேண்டும் என்கிறார். பார்ப்போம்.

ஏப்ரல் 22

குப்பியை எடுத்துப் பார்த்தேன். பதினாலு நாள். அரிசி போட்டது போட்டபடி. வண்டு மூடிக்கு அடியில் செத்ததுபோல ஒட்டிக்கிடந்தது, தட்டியதும் நாலு எட்டு நகர்ந்து திரும்பவும் செத்தது. அம்மை லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பம் மூட்டையைக் கீழ கொண்டு போ. அடுக்களையில காலு வைக்க இடமில்ல."

முதல் மூட்டையை இறக்கிவிட்டேன். இரண்டாவதைச் சாய்க்கும்போது சுவரில், சிலந்தியையும் நண்டையும் சேர்த்துத் தட்டினதுபோல ஒன்று. நூலாய் நீண்ட இரண்டு முன்கால்களில் ஒன்றை என் பக்கம் நீட்டிக் காற்றைத் தடவியது. மூட்டையை அப்படியே விட்டுவிட்டு லென்ஸ் எடுக்க மேலே ஓடினேன்.